கிண்ணத்தைத் தட்டிய சம்பந்தி

என் அண்ணி அன்புக்கரசி எந்தப் பீங்கானைக் கையில் எடுத்தாலும் தட்டிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. சூளையிலிருந்து வருவதைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு, அண்ணிக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. கல்யாண வீட்டில் காபி கொடுத்தாலும் கோப்பையைத் தட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

மகன் நந்தகுமாருக்கு வியட்நாமில், ஹனோயில் வேலை. கூட வேலை பார்க்கும் லான் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நாங்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டோம். பெண்ணின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. ஒரே மகள். நாளைக்கு இந்தியாவுக்கு வந்துவிட்டால் முன்பின் தெரியாத ஊரில் அவளுக்கு யார் பசியறிந்து சோறு போடுவார்கள் என்பது அந்த அம்மாவின் கவலை. பையன் வீட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று சொல்லிவிட்டார்.

என் அண்ணன் பழமலைநாதன் பஸ்ஸில் வேப்பூர் தாண்டினாலே வாந்தி எடுப்பவர். “பிளேனெல்லாம் நமக்கு ஒத்துக்காது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்று கழன்றுகொண்டார். அப்படித்தான் நாத்தனாரும் அண்ணியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கடல் தாண்டினோம். சண்டை வரவில்லை. ஜன்னல் சீட்டை நான் விட்டுக்கொடுத்தேன்.

வெளிநாடு போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள், அண்ணி அந்த டப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். விசாவைப் போனில் மட்டும் நம்பாமல் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுகிறார்கள், கருவாட்டுக் குழம்பு தின்ற நாக்குக்கு அது தாயாதி முறைதான். ‘கம் ஒன்’ என்றால் நன்றி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அண்ணி ஹனோய் முழுக்கச் சுற்றினார், குறுக்கே வந்த நாய்க்கும் சொன்னார்.

லான் வீடு நகரத்துக்கு வெளியே. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் அண்ணிக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது. பாய் விரித்து, நடுவில் தட்டுகளை வைத்து, ஆளுக்கொரு பீங்கான் கிண்ணத்தில் சோறு போட்டுக் கொடுத்தார்கள். நீல நிறத்தில் மீன் வரைந்த அழகான கிண்ணம். நான் அண்ணியின் கையைத்தான் பார்த்தேன்.

நான் கையைப் பிடிப்பதற்குள் அண்ணி சோறு எடுத்துச் சாப்பிடும் குச்சியை எடுத்துத் தன் கிண்ணத்தைத் தட்டினார். பிறகு என்னுடையதை. பிறகு சம்பந்தியம்மாவுடையதை. அந்தக் குச்சியால் ஒரு பருக்கை எடுக்க வராது, தட்ட மட்டும் நன்றாக வந்தது.

லானின் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

“என்னடா ஆச்சு?”

நந்தகுமார் குனிந்து அம்மாவின் காதோடு சொன்னான். “சாப்புடற நேரத்துல கிண்ணத்தத் தட்டக் கூடாதும்மா. பசியோட அலையற பேயெல்லாம் வூட்டுக்குள்ள வந்துடும்னு நம்புவாங்க. நீ எல்லாத்தையும் கூப்ட்டுட்ட.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் கல்யாணத்தைவிட விரிசல் பெரிதா? “ஒங்க கைய கட்டிப் போட்டுதான் கூட்டியாந்திருக்கணும் அண்ணி” என்றேன்.

அண்ணி தன் கிண்ணத்தோடு எழுந்தார்.

“பசியோட வந்தா சோறு போட்டு அனுப்புறதுதான மொற? நம்ம வூட்ல அமாவாசைக்கு வெக்கறதில்லையா?”

முற்றத்து வாழையிலையில் ஓர் ஓரத்தைக் கிழித்துத் தரையில் போட்டார். தன் கிண்ணத்துச் சோறு முழுவதையும் அதில் கவிழ்த்து, தண்ணீரைச் சுற்றி ஊற்றிவிட்டுக் கை கூப்பினார்.

“தெரியாமக் கூப்ட்டுட்டன். வயிறு நெறையச் சாப்ட்டுட்டுப் போங்கப்பா. இந்த வூட்டுப் புள்ளைங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

அடுக்களை வாசலில் நின்று லானின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்ன சொன்னார் என்று மகளைக் கேட்டார். லான் நந்தகுமாரைக் கேட்டாள். அவன் சொன்னதை அவள் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய் ஊதுபத்தியும் ஒரு பிடி உப்பும் கொண்டுவந்தார். சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அண்ணியின் பக்கத்திலேயே நின்று கும்பிட்டார். அங்கேயும் பசித்த ஆவிகளுக்குப் படைக்கும் வழக்கம் உண்டாம்.

பிறகு அண்ணியின் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். காலிக் கிண்ணத்தில் சோற்றை மலையாகக் குவித்து, இருப்பதிலேயே பெரிய மீன் துண்டை மேலே வைத்து, ஏதோ சொன்னார். லான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்னடா சொல்றாங்க?” என்றார் அண்ணி.

நந்தகுமார் மூக்கை உறிஞ்சினான். “பேய்க்கே தன் சோத்த எடுத்துப் போடறவங்க, எம்பொண்ணப் பட்டினி போட மாட்டாங்கன்னு சொல்றாங்கம்மா.”

அண்ணி குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணீர் வழிய வழியக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.