காலியாய்ப் போன பேட்டரி வண்டி

எங்கள் கம்பெனி பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்பதைப் பச்சை நிறக் கேக் வெட்டித்தான் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி நிற்கவைத்தார்கள். நிர்வாகத்தைப் பார்க்கும் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "இன்னையிலேர்ந்து நாம பசுமைக் கம்பெனி" என்றார். கைதட்டினோம். "அடுத்த மாசத்துலேர்ந்து டீசல் பஸ் கிடையாது. எல்லாரும் ட்ரெயின், சைக்கிள், நடை. காத்தும் சுத்தமாகும், உங்க உடம்பும் நல்லாருக்கும்" என்றார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள். வாயிலிருந்த கேக்கை விழுங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய தொழில் நகரத்தில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். என்னைப் போன்ற பெண்களால்தான் அந்த பஸ் நிறையும். திருக்கழுக்குன்றத்தில் கிளம்பி, செங்கல்பட்டில் நின்று, வழியில் கைகாட்டுபவர்களையும் ஏற்றிக்கொண்டு போகும். சீட்டு கிழிந்திருக்கும், ஜன்னல் இறங்காது, புகை விடும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வண்டி விட்ட புகையில் ஒரு ஷிப்டே வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கை அன்றைக்குக் கேன்டீனில் யாரும் போடவில்லை.

பஸ் நின்ற பிறகு நான் ட்ரெயினுக்கு மாறினேன். ட்ரெயினைக் குறை சொல்ல மாட்டேன். செங்கல்பட்டில் ஏறினால் காற்று வரும், இடம் கிடைக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் சிங்கப்பெருமாள் கோயில். தொல்லையெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். வீட்டிலிருந்து செங்கல்பட்டு வர டவுன் பஸ் பிடிக்கவேண்டும். அது வரும் நேரத்துக்கு வரும். ட்ரெயின் இறங்கினால் ஷேர் ஆட்டோ. அதில் ஆண்களின் முழங்கைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போய், தொழில் நகரத்து முனையில் இறங்கி, அங்கிருந்து நடை. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் முன்னால் நகர்ந்தது. மகள் எழுந்து என் முகத்தைப் பார்ப்பதும் நின்றுபோனது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளில் அவருக்கு வேலை. வீட்டில் இருக்கும் பழைய பெட்ரோல் வண்டி, டூல் பையோடு அவருக்கே சரியாகிவிடும். ஷோரூமுக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நாங்கள் இருப்பது மாடியில், வாடகைக்கு. சார்ஜ் போடக் கீழே ஒரு பிளக் வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"கரென்ட்டு பில்ல நாங்களே கட்டிடறோம்மா. தனி மீட்டர்கூடப் போட்டுக்கறோம்."

"அதெல்லாம் வாணாம்மா. பேட்டரி வெடிச்சி வூடு எரிஞ்சிதுன்னு போன்ல காட்றான். எங்க வூட்ல அதெல்லாம் வாணாம்."

"பேட்டரிய கழட்டி மாடிக்கே எடுத்துகினு போற மாதிரியும் கீதும்மா."

"மாடியும் என் வூடுதான?"

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சொந்த வீடும் போர்ட்டிகோவும் உள்ளவர்களுக்காகச் செய்த வண்டி அது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை.

அந்த நாட்களில் கம்பெனியில் இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டிலும் பசுமையாக இருப்பது எப்படி என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். துணிப்பை கொண்டு போங்கள். குப்பையைப் பிரித்துப் போடுங்கள். ஷவர் வேண்டாம், வாளியில் தண்ணீர் எடுத்துக் குளியுங்கள். துணியை வெயிலில் உலர்த்துங்கள். ஏசியை ரொம்பக் குளிரவைக்காதீர்கள். வகுப்பு எடுத்த பெண் நல்ல பெண், சிரித்த முகம். நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கொதித்தது. இதில் எதை நான் செய்யாமல் இருக்கிறேன்? எங்கள் வீட்டில் ஷவர் எங்கே இருக்கிறது? அரிசி களைந்த தண்ணீரை நான் செடிக்கு ஊற்றுகிறேன். மகளின் யூனிபாரம் அவளுக்கு முன்னால் சித்தி மகள் போட்டது. ஊர் ஏசியையெல்லாம் ரிப்பேர் பார்க்கும் மனிதர் எங்கள் வீட்டில் ஃபேனுக்கு அடியில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் நான் பிரித்துக் கொடுக்க, வண்டிக்காரர் இரண்டையும் ஒன்றாய்க் கொட்டிக்கொண்டு போகிறார்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் தான் வேலைக்குப் போன ஒரு ரிசார்ட்டைப் பற்றிச் சொன்னார். கடலைப் பார்த்த அறை. கண்ணாடிக் கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது. கதவைச் சாத்துங்கள் என்று சொன்னதற்கு, அலைச் சத்தம் கேட்கவேண்டுமே என்றாராம் தங்கியிருந்தவர். குளியலறையில் ஓர் அட்டை தொங்குகிறதாம்: பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துவோம். இதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ட்ரெயினில் மாறி மாறி ஓய்ந்துபோன பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். அதற்கு ஏற்பாடு செய்தவள் பேக்கிங்கில் வேலை செய்த பெண். செங்கல்பட்டுக்காரி, கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, வாய் ஓயாமல் பேசுவாள். அவள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் பழைய டீசல் வேன் அது. அது விட்ட புகை, நின்றுபோன பஸ்ஸின் புகைக்குக் குறைந்ததல்ல. "அண்ணாத்த, கொசு மருந்து அடிச்சிகினே கூட்டிம் போறியா?" என்று அவள் கேட்பாள். அவரும் சிரித்துக்கொள்வார். ஏறி உட்கார்ந்தால் கம்பெனி வாசலில் இறங்கலாம். அது போதும் என்று இருந்தது.

வாசலோடு சரி, உள்ளே விடவில்லை. டீசல் வண்டி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். கேட்டிலிருந்து எங்கள் ஷெட் வரைக்கும் நீளமான தார் ரோடு. இரண்டு பக்கமும் இரும்புக் கூண்டுக்குள் மரக்கன்றுகள். பசுமைக் கம்பெனி ஆன அன்றைக்கு நட்டவை, இடுப்பு உயரம்கூட இல்லை. அந்த ரோட்டில் நாங்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கும்போது மேனேஜரின் எலெக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் எங்களைத் தாண்டிப் போகும். உள்ளே அவர் மட்டும் இருப்பார். சென்னையிலிருந்து தினமும் அப்படித்தான் தனியாக வருகிறார். அந்தக் காருக்கு நிழல் கூரை போட்ட இடம் இருக்கிறது, அங்கேயே சார்ஜரும் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கார் நல்லதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாதிரி கார்களின் வயிற்றுக்குள் ஓடும் ஒயரைக் கட்டுவதே எங்கள் கைகள்தான். ஆனால் ஒரே ஆளைச் சுமந்து வரும் கார் பசுமை, பத்துப் பதினைந்து பேரைச் சுமந்து வரும் வேன் அழுக்கு என்றால், அந்தக் கணக்கைப் போட்டவன் யார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

சித்திரை வெயில் ஏறியது. பேக்கிங் பெண் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பேச்சும் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு பேட்டரி வண்டி வாங்கியது. கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுவார்களே, கூரை போட்டு, பக்கமெல்லாம் திறந்த வண்டி. கேட்டிலிருந்து ஆபீஸுக்கு, வரும் விருந்தினர்களை ஏற்றிப் போக. விருந்தினர் தினமுமா வருகிறார்கள்? பாதி நேரம் வண்டி சும்மா நிற்கும், இல்லாவிட்டால் காலியாக ஓடும்.

ஒரு நாள் இரண்டாவது ஷிப்டுக்காக மதியத்தில் வந்து இறங்கினோம். தார் ரோடு கொதித்தது. பாதி தூரம் வந்ததும் அவள், "அக்கா, ஒரு நிமிசம்க்கா" என்றாள். என் கையைப் பிடித்தாள். பிடி தளர்ந்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. நாங்கள் துப்பட்டாவை விரித்து நிழல் பிடித்தோம். ஒருத்தி தண்ணீரை முகத்தில் தெளித்தாள். எதிரே பேட்டரி வண்டி காலியாக வந்துகொண்டிருந்தது.

நான் போய் ரோட்டின் நடுவே நின்றேன். வண்டி ஓட்டியவர் பிரேக் போட்டார்.

"இன்னாக்கா நடுவுல நிக்கற?"

"அந்தப் பொண்ணு வுயுந்து கெடக்குது, கண்ணு தெரியல? ஏத்திகினு போய் நர்ஸம்மா ரூம்ல வுடு."

"அக்கா, விசிட்டருக்கு மட்டும்தான்க்கா. ஸ்டாஃப ஏத்துனா என்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"இவளும் இவ வயித்துல கீறதும் இந்தக் கம்பெனிக்கு யாரு? கேட்டா என் பேர சொல்லு. நான் வண்டிய மறிச்சேன்னு சொல்லு. ஏத்து."

அவர் ஒரு நொடி ஆபீஸ் பக்கம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, அவரும் ஒரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கினார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். முதலுதவி அறையில் நர்ஸ் அவளைப் படுக்கவைத்து, பிரஷர் பார்த்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "டிபன் பாக்ஸு ரோட்லயே வுட்டுட்டேன்க்கா" என்றாள்.

மேனேஜர் வந்தார். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார், அதை மறைக்கக்கூடாது. பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"மேடம், எமர்ஜென்சி, புரியுது. ஆனா ஒரு ப்ரொசீஜர் இருக்கு. நீங்க வண்டியை நடு ரோட்ல மறிச்சது சரியில்ல."

"வேன உள்ள வுட்டிருந்தா அவ நடந்திருக்கவே மாட்டா சார்."

"டீசல் வண்டிய உள்ள விட்டா நம்ம பசுமை ரேட்டிங் குறையும். மேலேருந்து வர்ற ரூல் அது, நான் போட்டது இல்ல."

"ரேட்டிங்கு உங்களுக்கு. நடக்கறது நாங்களா?"

"கத்தாதீங்க மேடம்."

"கத்துவேன் சார். பஸ்ஸ நிறுத்தினீங்க, கேக்கு தந்தீங்க. எங்க வூட்ல ஏசி கெடையாது, காரு கெடையாது, ஷவரு கெடையாது. இன்னும் எதக் கொறச்சா நாங்க பச்சையாவோம்? சோத்தையா?"

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மேனேஜர் ஆபீஸ் பக்கம் போய்விட்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "போனா போவட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

வேலை போகவில்லை. அடுத்த வாரம் பசுமை மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் பச்சை டி-ஷர்ட் கொடுத்து, மரக்கன்றுகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரச் சொன்னார்கள். வேனில் வரும் பெண்கள் நாங்கள் வேனிலேயே பேசி முடிவு செய்தோம். டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டில் இறங்கி, உள்ளே நடக்காமல், செக்யூரிட்டி அறை நிழலில் வரிசையாக உட்கார்ந்தோம். "பேட்டரி வண்டி வந்தா வரோம்" என்று சொல்லியனுப்பினோம். மதிப்பீட்டுக்காரர்களின் கார் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அதிலிருந்த ஓர் அம்மா கண்ணாடியை இறக்கி, "ஏன் இங்கே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். பேக்கிங் பெண்தான் எழுந்து பதில் சொன்னாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, முழுக் கதையையும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பேட்டரி வண்டி வந்தது. மேனேஜரே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அன்றிலிருந்து ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த வண்டி எங்களுக்காக ஓடுகிறது. அந்த மாதமே வரவேற்பறையில் ஒரு பெரிய போட்டோ மாட்டினார்கள். பேட்டரி வண்டியில் நாங்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் ஊழியர்கள் விரும்பிப் பயன்படுத்தும் பசுமைப் பயணம் என்று கீழே எழுதியிருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரிகிறது. போட்டோவில் நான் முறைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

பஸ் திரும்ப வரவில்லை. வேன்காரருக்கும் வண்டிக்குத் தகுதிச் சான்று கிடைக்காமல் போனது. அதில் நியாயமும் இருந்தது, அந்தப் புகையை நாங்களே எத்தனை நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவாசித்தோம். ஆளாளுக்கு ஒரு வழி தேடிக்கொண்டோம். சிலர் கடன் போட்டுப் பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கினார்கள். ஒரு பஸ் போன ரோட்டில் இப்போது அத்தனை ஸ்கூட்டர்கள் போகின்றன. அவை கேட்டுக்கு வெளியே நிற்பதால் கம்பெனிக் கணக்கில் வராது. நான் மறுபடி ட்ரெயினுக்கே போய்விட்டேன்.

பேக்கிங் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. செங்கல்பட்டில் அவள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, வேலைக்கு வரப்போவதில்லை என்றாள்.

"கைக்கொழந்தைய வுட்டுட்டு பஸ்ஸு, ட்ரெயினு, ஆட்டோன்னு எத்தினி மாறி வருவேன்க்கா? வூட்லயும் வாணாங்கறாங்க. நம்ம பஸ்ஸு வுட்டாங்கன்னா சொல்லு, அன்னிக்கே வந்துடறேன்."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

போன ஊழியர் கூட்டத்தின் கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்று மேனேஜர் கேட்டார். நான் எழுந்தேன்.

"எலெக்ட்ரிக் பஸ்ஸே வுடுங்க சார். நிறுத்தினது டீசலத்தான? பஸ்ஸ இல்லியே?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்?"

"ஆமா சார்" என்றேன். உட்காரவில்லை.