முப்பத்தெட்டு வாய்ச் சோறு

போன செவ்வாய்க்கிழமை மதியம். சிங்கப்பூர் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் 'டிங்' என்றது. 'மதிய உணவு முடிந்தது. முப்பத்தெட்டு வாய்.' பக்கத்திலேயே பச்சை டிக்.

சாப்பிட்டது நானில்லை. தெம்பனிஸில் இருக்கும் என் அக்கா. சர்க்கரை நோய்க்காரி. வேளைக்குச் சாப்பிடாமல் மாத்திரை போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதும், கை எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று எண்ணி என் போனுக்குச் சொல்லும் வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டேன். வலது கையில்! நாம் கையால் சாப்பிடுகிறவர்களாயிற்றே... அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

டிக் வந்த தெம்பில் ஒரு தே தாரிக் டீ சொன்னேன். அது வருவதற்குள் அடுத்த போன். அக்காவின் பக்கத்து வீட்டு சாந்தி.

"அண்ணே, அக்கா கிச்சன்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன். சீக்கிரம் வாங்க லா!"

தெம்பனிஸ் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போனேன். உட்கார முடியவில்லை. இப்போதுதானே சாப்பிட்டாள்? அப்படியென்றால் இது சர்க்கரை இல்லை. இதயமா? மூளையா? அவள் கணவர், என் அத்தான், பக்கவாதத்தில் விழுந்ததும் இப்படி ஒரு மதியம்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

நல்லவேளை, அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சாந்தி கொடுத்த சீனித் தண்ணீர் காப்பாற்றியிருந்தது.

"சர்க்கரை ரொம்ப இறங்கிப்போச்சு. கடைசியா எப்போ சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் ஆம்புலன்ஸில் வந்தவர்.

நான் போனை நீட்டினேன். "இதோ, ஒரு மணிக்கு. முப்பத்தெட்டு வாய்!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது அவருக்கு ஊட்டினதுடா."

திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் அத்தான். மோவாயில் ரசச் சோறு ஒட்டியிருந்தது.

"அப்போ நீ?"

"அவருக்கு ஊட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிடுது. அதுக்கப்புறம் எனக்கு எங்கடா சோறு இறங்குது? மாத்திரையை மட்டும் ஊட்டறதுக்கு முன்னாடியே போட்டுக்குவேன்."

இரண்டு மாதமாக வந்த பச்சை டிக்குகளை நினைத்தேன். அதில் எத்தனை அத்தானுடையது? எத்தனை நாள் அவள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாள்? வாட்ச் கையைத்தான் எண்ணியது. அது யார் வாய் என்று அதற்கு எப்படித் தெரியும்?

என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்துவது வேறொன்று. வாட்ச் வாங்குவதற்கு முன்பு தினமும் ஒரு மணிக்கு நானே போன் செய்வேன் — "சாப்பிட்டியாக்கா?" அவளுக்குப் பொய் சொல்ல வராது, இழுப்பாள், நான் கத்துவேன், சாப்பிடுவாள். வாட்ச் வந்த பிறகு? அந்த போனையே நிறுத்திவிட்டேன். கேட்க வேண்டியவன் கேட்காததால் அவள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது மறுபடியும் போன் செய்கிறேன். டிக் வருகிறது, ஆனாலும் அதை நம்புவதில்லை.

நேற்று, அந்தப் பக்கம் அவள் வாயில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.