என் வைத்தியன் சார்பாக ஒரு மனு, எதிராக ஒரு மனு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது சனிக்கிழமை காலைகளில் நான் வைத்தியனாக இருந்தேன். பேகம்பூரில் ஒரு பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில், ஆன்லைன் விளையாட்டுக்குள். உள்ளே நுழைகிறவன் முதலில் ஒரு வேடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வாள்காரன், வில்காரன், வைத்தியன். எனக்கு ஒற்றை விரலில்தான் தட்டத் தெரியும். வைத்தியனுக்குச் சண்டை கிடையாது. பின்னால் நின்று ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் அடிபட்டவனுக்கு உயிர் ஏறும். அதனால்தான் எங்கள் மூவர் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

மற்ற இருவரும் கல்லூரித் தோழர்கள். வாள்காரன் அய்யலூர், வீட்டில் ஆட்டு வியாபாரம். வில்காரன் ஒட்டன்சத்திரம், அப்பாவுக்குத் தக்காளி மண்டி.

ஒரு சனிக்கிழமை விளையாட்டைத் திறந்ததும் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. வைத்தியன் ஏற்றும் உயிர் இனிமேல் பாதிதான். பதிலுக்கு அவன் கையில் ஒரு தடி. அவனும் சண்டை போடலாம்.

"இப்பத்தான் சரி," என்றான் அய்யலூர்க்காரன். "அம்புட்டு அடியும் நான் வாங்குறேன். நீ ஆடு மேய்க்கிறவன் மாதிரி பின்னாடியே நடந்து வார. இனி நீயும் எறங்கி அடிலே."

"தடிய வச்சு டிராகனை அடிக்கவாடா?"

"ஆட்டைத் தடியாலதான ஓட்டுறோம்?"

"ஏனுங்க, அது ஆடுங்க. இது நெருப்புக் கக்குதுங்க," என்றான் ஒட்டன்சத்திரத்தான். எங்களிடமும் அவன் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். நீ யார் பக்கம் என்று கேட்டால் மட்டும் கைக்குட்டையை எடுத்து மானிட்டரைத் துடைப்பான்.

"தம்பிங்களா, டிராகனை மெதுவா அடிங்க. அங்க ஒரு பொண்ணு ரெஸ்யூம் அடிக்குது," என்றார் பாய்.

போகும்போது அய்யலூர்க்காரன் சொன்னான்: "பாதி வைத்தியன் எதுக்கு? ஒன் எடத்துல இன்னொரு வாள்காரனப் போட்டுருவோம்."

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் மனு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எட்டாவது படிக்கும்போதே ஊருக்கெல்லாம் மனு எழுத ஆரம்பித்திருந்தேன். தெருவிளக்கு, போர்வெல், பஸ் என்று எல்லாம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். ஒருமுறை வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகளும் என்னிடமே வந்தார்கள். "கேட்டு வந்தவனுக்கு இல்லைங்காதப்பா, எழுதிக் குடு," என்றார் அப்பா. இருவருக்கும் எழுதினேன். ஒரே பஸ்ஸில் போய், ஒரே வரிசையில் நின்று கொடுத்தார்கள்.

அதே முறைப்படி கம்பெனிக்கும் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம் எல்லாவற்றையும் வரி பிசகாமல் ஆங்கிலத்தில் மாற்றினேன். அனுப்புநர் என் வைத்தியன். அவனுக்குத் தகப்பன் கிடையாது. ஆனாலும் தகப்பனார் பெயர் இல்லாத மனுவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவின் பெயரையே போட்டேன். விளையாடுகிறவர்கள் கருத்துச் சொல்லும் பக்கத்தில் அதை ஒற்றை விரலால் ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அய்யலூர்க்காரன் தோளைத் தட்டினான்.

"மாப்ள, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு."

"எனக்கு எதிராவா?"

"பின்ன? எனக்கு மனு எழுத யாரு இருக்கா?"

கேட்டுவிட்டான். எழுதினேன். முதல் மனுவின் குறைகள் தெரிந்திருந்ததால் இரண்டாவது நன்றாகவே அமைந்துவிட்டது. 'போரில் அடி வாங்காதவர் வெற்றியில் மட்டும் பங்கு பெறுவது சமநீதிக்குப் புறம்பானது' என்று ஒரு வரி வந்து விழுந்தது. எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால் எந்தெந்த நாட்டுக்காரர்களோ அந்த வரிக்குக் கைதட்டியிருந்தார்கள். என் மனுவுக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்திருந்தது: 'இந்தத் தகப்பனார் எந்த லெவல்?' அதற்குக் கீழே பத்துப் பேர், அவரை விளையாட்டில் வரும் அரக்கன் என்றே நினைத்து, அவர் எந்தக் குகையில் இருக்கிறார், எப்படிக் கொல்வது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். மாற்றம் மாற்றம்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் நாற்காலியில் புதிய வாள்காரன் உட்கார்ந்தான். நான் பாயின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அன்று மதியத்துக்குள் அய்யலூர்க்காரன் மூன்று முறை செத்தான். புதியவன் நான்கு முறை செத்துவிட்டு, டியூஷன் இருக்கிறது என்று போய்விட்டான்.

"பாதி உயிருன்னாலும் உயிருதானுங்க," என்றான் ஒட்டன்சத்திரத்தான். அவன் ஒரு பக்கம் பேசியது அன்றைக்குத்தான்.

அய்யலூர்க்காரன் காலியான நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "ஏலே, வந்து உக்காரு. பாதியாவது ஏத்து. அதுக்கு முன்ன இன்னொரு மனு எழுது. வைத்தியனுக்கு முழுசாத் திருப்பிக் குடுக்கச் சொல்லி."

உட்கார்ந்தேன். "அனுப்புநர்?"

"என் வாள்காரன்."

"தகப்பனார் பெயர்?"

"ஒங்கப்பா பேரையே போடு. அங்க எல்லாருக்கும் அவரத்தான் தெரியும்."