வாசனை தெரியாதவர் வீட்டு அடுப்பு

கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது. காரணம் என் வீட்டுக்காரரின் மூக்கு.

எனக்குச் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட். அவருக்கு ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில் பெயின்ட் பிரிவு, நைட் ஷிப்ட். பகலில் தூங்கி மத்தியானம் எழுந்து பால் காய்ச்சி டீ போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும், இயேசு உயிர்விட்ட நேரம் என்று, சரியாக மூன்று மணிக்குத் திருஇருதயப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்வார். படம் இருப்பது சமையலறை அலமாரியில். எங்கள் மாடிவீட்டில் வேறு இடம் ஏது?

அந்த வெள்ளிக்கிழமை லைனுக்குப் பார்ட் வரவில்லை என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மூன்றே முக்காலுக்கு வருகிறவள், மூன்றடிக்கச் சில நிமிடம் இருக்கும்போதே படியேறினேன். பாதிப் படியில் கேஸ் நாற்றம் மூக்கில் அறைந்தது. செருப்போடு உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. அடுப்பின் திருகு திறந்தபடியே கிடந்தது. இவரோ குளித்த ஈரத் தலையோடு, அதற்கு இரண்டடி தள்ளி, படத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்தாயிற்று.

"போடு! கீழ போடுடா அதை!"

பதினோரு வருடத்தில் அவரை 'டா' போட்டது அன்றைக்குத்தான். அவர் திகைத்துப்போய்த் திரும்பினார்.

"என்னடி, என்னாச்சு?"

"கேஸு! சுவிட்ச் எதையும் தொடாதீங்க! வாசனை வரலயா உங்களுக்கு?"

அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ரெண்டு வருஷமா எந்த வாசனையும் தெரியலம்மா."

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு போனதாம். பெயின்டும் சேர்ந்ததோ என்னவோ. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் "படியிலயே மணக்குது" என்று சொன்ன வாய் அது. நானும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி ஊற்றியிருக்கிறேன். பாவி மனுஷன்!

கரண்ட் அடுப்பு வாங்கியே ஆகவேண்டும் என்றேன். "தீன்னா கண்ணுக்காவது தெரியும்" என்றார் அவர். கீழே இருக்கும் கன்னடக்கார வீட்டுக்காரம்மா, "பேடம்மா, கரண்ட் போனா பட்டினிதான்" என்று தடுத்தார். குழம்பு வைக்கிற மண்சட்டியும் அதில் சூடேறாது. எல்லாம் நியாயம்தான். உண்மையான காரணம் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வந்தது.

"மாத்தினா ஏன்னு கேப்பாங்க. விஷயம் கம்பெனிக்குப் போச்சுன்னா, வாசனை தெரியாதவனைப் பெயின்ட் பக்கம் வச்சிருப்பானா?"

நான் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது அடுப்புக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வேலைக்குப் போகலயா?"

"நீங்க தூங்குங்க. நான் இதுக்குக் காவல் இருக்கேன். நாளைக்கும் இருப்பேன்."

அன்று சாயங்காலமே சிலிண்டரை அவரே தோளில் தூக்கி இறக்கினார்.

எட்டு மாதம் ஆகிறது. கரண்ட் போனால் ஊறவைத்த அவலும் வாழைப்பழமும்தான். மூன்று மணி ஜெபம் நான் வீடு வந்தபிறகுதான். ஆண்டவர் முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த நாற்றம் என்னை விடவில்லை. வழியில் சானமாவுக் காட்டில் யானை ரோட்டைத் தாண்டுகிறது என்று பஸ் நின்றால், எல்லாரும் ஜன்னலில் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பாதிப் படி ஏறியதும் அதே இடத்தில் அதே கேஸ் நாற்றம் வருகிறது. சிலிண்டரே இல்லாத வீடு. தெரிந்தும் கால் நகராது.

என் செருப்புச் சத்தம் பாதியில் நின்றால் அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து வெளியே வருவார். வீட்டுப் பக்கம் திரும்பி, நெஞ்சு விரிய ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பார்.

"ஒண்ணும் வரலம்மா. ஏறி வா."

அந்த மூக்கை நம்பித்தான் மீதிப் படிகளை ஏறுகிறேன்.