முதுகில் பிடித்த டாட்

என் மனைவி எனக்குத் தைத்த முதல் சட்டைக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம். அவள் அண்ணன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பாப்ளின் துணி. குறைத்து வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, எல்லாப் பக்கமும் தாராளமாக வெட்டியிருந்தாள். கடலூர் செம்மண்டலத்தில் எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது. அந்த வீட்டம்மாள் ஓய்வாக இருக்கும் மத்தியானங்களில் என் மனைவி போய் உட்கார்ந்து தைத்துவிட்டு வருவாள்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு மிஷின் வேண்டும். சிதம்பரத்தில் அண்ணன் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அண்ணி சீராகக் கொண்டுவந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை. “உருப்படியா ஒரு சட்டை தெச்சி உம் புருஷனுக்குப் போட்டுக் கூட்டிக்கிட்டு வா. மிஷினத் தூக்கிக்கிட்டுப் போ” என்று அண்ணன் சொல்லியிருந்தார். தை மாதம் அவர் மகனுக்குக் காதுகுத்து. அதற்குத்தான் இந்தச் சட்டை.

எனக்கு எதிரில் நாலு பேர் சிரிக்காவிட்டால் சோறு இறங்காது. காதுகுத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் விடலாம் என்று சட்டையை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். “என்னா மச்சான், காத்தடிச்சா பறந்துடுவ போலருக்கே” என்றான் பக்கத்து சீட்டுக்காரன். அதோடு விட்டிருக்கலாம். “இந்தச் சட்டையில நான் முன்பக்கத்து போர்ஷன்லதான் குடியிருக்கேன். பின்பக்கம் காலியா இருக்குது. நல்ல குடும்பமா இருந்தா சொல்லு” என்றேன். ஆபீஸே சிரித்தது. எதிர்வீட்டுக்காரரும் அதே ஆபீஸ்தான் என்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே சட்டையை உட்புறம் வெளியே திருப்பி என்னிடம் நீட்டினாள்.

“இதப் போட்டுக்கிட்டு நில்லுங்க.”

“எதுக்கு?”

“காலி போர்ஷன இடிக்கப் போறேன்.”

கோபமாகக் கத்தியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. ரவிக்கைக்குப் பிடிப்பதுபோல முதுகில் இரண்டு பக்கமும் டாட் பிடித்தால் சட்டை உடம்போடு ஒட்டும் என்று எதிர்வீட்டம்மாள் சொல்லிக்கொடுத்திருந்தாராம். அதிகமாக இருக்கும் துணியை மேலிருந்து கீழாகக் கிள்ளி மடித்து, குண்டூசி குத்திக்கொண்டே வந்தாள். எனக்கோ வாய் நமநமத்தது. முதுகில் ஊசி குத்துகிற மனைவியைப் பற்றி எத்தனை சொல்லலாம்! வாயைத் திறந்தால் இன்னொன்று வந்துவிடும் என்று உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். என்னைப் பொறுத்தவரை அது ஒரு பிராயச்சித்தம். அவளைப் பொறுத்தவரை அதுதான் அளவு.

காதுகுத்து அன்று காலையில் சட்டையைப் போட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. அது மூச்சு விடாத ஒரு மனிதனுக்குத் தைத்த சட்டை.

“எங்கியாவது புடிக்குதா?” என்று கேட்டாள். என்னைச் சுற்றி வந்து, முதுகைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த போர்ஷன் பேச்சுக்குப் பிறகு குறை சொல்ல எனக்கு ஏது வாய்?

“சேச்சே, கடையில தெச்ச மாதிரி இருக்குது” என்றேன்.

ரயிலில் சிதம்பரம் வரைக்கும் கம்பம் நட்டதுபோல உட்கார்ந்து வந்தேன். அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். என்னைத் திருப்பி முதுகைப் பார்த்து, “பரவாயில்லயே! வண்டிக்குச் சொல்லிட வேண்டியதுதான், மிஷின ஏத்தறதுக்கு” என்றார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பந்தியில்தான் வந்தது வினை. வீட்டு மாப்பிள்ளை சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தார்கள். முதல் இலைக்குக் குனிந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். தையல் பிரியவில்லை, அதை அவ்வளவு உறுதியாகப் போட்டிருந்தாள். தையலை ஒட்டித் துணிதான் கிழிந்தது, தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும்.

“என்னா மாப்ள, காத்து வரட்டும்னு எந்தங்கச்சி முதுகுல ஜன்னல் வெச்சிருக்காளா?” என்றார் அண்ணன். பந்தி முழுக்கச் சிரித்தது. நான் ஆபீசில் சிரிக்க வைத்தபோது கேட்ட அதே சிரிப்பு. கடைசி இலையில் உட்கார்ந்திருந்த அவள் சாப்பிடாமல் எழுந்து உள்ளே போனாள். “மிஷின் இங்கியே இருக்கட்டும். அது எங்க போவப்போவுது” என்றார் அண்ணி.

உள் அறையில் சட்டையைக் கழற்றி வாங்கிக் கிழிசலை விரித்துப் பார்த்தாள்.

“புடிக்குதான்னு கேட்டேன்ல?”

“கேட்ட.”

“அளவெடுக்கறப்ப எப்பிடி நின்னீங்க?”

சொன்னேன். வாயை அடக்க மூச்சைப் பிடித்ததையும் வயிற்றை எக்கியதையும் சொன்னேன். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“அப்ப நான் புடிச்சது சரிதான்.”

“சரிதான். தப்பெல்லாம் என்னுதுதான்.”

“அத அண்ணங்கிட்ட சொல்லுங்க. வெளயாட்டு இல்லாம சொல்லுங்க.”

துண்டைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். “மச்சான், அவ சரியாத்தான் அளவெடுத்தா. நாந்தான் மூச்சு விடாம நின்னுட்டேன்” என்றேன். கூடமே வெடித்துச் சிரித்தது. “சத்தியமா மச்சான், வயித்த எக்கிக்கிட்டு நின்னேன்” என்றேன். இன்னும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மாப்ள ஒருத்தர் இருந்தா போதும், விசேஷம் களகட்டிடும்” என்று என் தோளில் தட்டினார். என் வாழ்நாளில் நான் சிரிப்பு வேண்டாம் என்று பேசிய முதல் பேச்சு அது. உள் அறைக் கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் தன் சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்பினார். மேலவீதியில் டெய்லரிடம் தைத்தது. எனக்கென்றே தைத்ததுபோல அது கச்சிதமாக இருந்தது. அந்தச் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயிலில் மிஷின் இல்லை. கிழிந்த சட்டை மட்டும் மஞ்சள் பையில் அவள் மடியில் இருந்தது. ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. அப்புறம், “கொஞ்சம் திரும்பி உக்காருங்க” என்றாள். மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துத் திரும்பி உட்கார்ந்தேன். அண்ணன் சட்டையின் முதுகில், தோளுக்குக் கீழே டெய்லர் எங்கே மடித்திருக்கிறார், எவ்வளவு விட்டிருக்கிறார் என்று அவள் விரல் ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தது.

கடலூர் வரும்வரை நான் திரும்பவில்லை.