பனிமலை பார்த்தவர்

ஸ்டேப்ளர்தான் பனிமலை. காகிதக் கிளிப் படகு. கிளிப்பை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு சாண் தூரத்தில் நிறுத்துவார் சச்சிதானந்தன். "இதற்கு மேல் படகு கிட்டப் போகாது. மலை எந்த நேரமும் புரளும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஸ்டேப்ளரைச் சட்டென்று கவிழ்ப்பார். எதிரே இருக்கும் கிழவிகள் கதிரையோடு பின்னால் நகர்வார்கள்.

சிட்னி பிட் ஸ்ட்ரீட்டில், மாடியில் இருக்கும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் அவருக்கு வேலை. கிரீன்லாந்துக் கரையோரம் படகில் போய்ப் பனிமலை பார்க்கும் பதினான்கு நாள் பயணத்தை அவரைப்போல் விற்க அங்கே ஆளில்லை. கொழும்பில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, எழுபத்து நாலில் இங்கே வந்தவர். குளிர்ப்பெட்டி ஐஸைத் தவிர வேறு ஐஸைக் கண்ணால் கண்டதில்லை.

"குளிருது குளிருது எண்டு ரெண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஐஸ் பாக்க டிக்கெற் கேக்குதுகள். எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை" என்பார் மனைவி யோகாவிடம்.

விளங்காத இன்னொன்றும் உண்டு. மலையிலிருந்து ஒரு துண்டு உடையும்போது, முறுகிய அப்பத்தை விரலால் ஒடித்த சத்தம் கேட்கும் என்று எல்லாரிடமும் சொல்கிறார். அச்சடித்த விளம்பரத்தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்கே படித்தார், யார் சொன்னார்கள்? நினைவில்லை. சில வேளை, போய்த்தான் வந்தோமோ என்றுகூட இருக்கிறது.

இப்போதைய சிக்கல் எல்லாம் மிஸஸ் டோஹர்டியால் வந்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் டிக்கெற் கேட்டு வந்த அந்த விதவை, "நீ போயிருக்கிறாய், இல்லையா?" என்று ஆவலாகக் கேட்டார். வயது போன மனுஷியின் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை இரண்டு தோளுக்கும் நடுவில் ஒரு ஆட்டு ஆட்டிவைத்தார். ஊரில் என்றால் அதற்கு ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. மிஸஸ் டோஹர்டி ஓம் என்று எடுத்துக்கொண்டார். போய்வந்த ஆள் சொல்கிறான், பயமில்லை என்று சிநேகிதிகளையும் சேர்த்தார். பன்னிரண்டு பேர் ஆயிற்று. நேற்று மனேஜர் முதுகில் தட்டி, "நீ பார்த்த இடம்தானே, ஜூலையில் நீயே கூட்டிப்போ" என்றுவிட்டார்.

"நான் போனனான் எண்டு ஒருநாளும் வாயால சொல்லேல்லை. தலையைத்தான் ஆட்டினனான்" என்றார் இரவு வீட்டில்.

"இஞ்சேருங்கோ, அந்தத் தலையை நம்பிப் பன்னிரண்டு சீவன் கடலுக்கு வருது" என்றாள் யோகா, குசினியில் சமைத்தபடியே. "நாளைக்கே உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"சொன்னா வேலை போயிடுமப்பா."

"சொல்லாமல் போய், அங்க ஆருக்கும் ஒண்டு நடந்தா?"



மறுநாள் காலையில் பென்டில் ஹில்லில் ரயில் ஏறியதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். 'மன்னிக்கவும், நான் அங்கே போனதே இல்லை.' பரமட்டாவில் அது சரியாக இருந்தது. டவுன் ஹோலில் இறங்கும்போதும் இருந்தது. மனேஜரின் அறைக்குப் போகுமுன், முதலில் மிஸஸ் டோஹர்டிக்கே தொலைபேசியில் சொல்லிவிடலாமா என்றும் ஒரு யோசனை.

அலுவலகத்துக்குள் நுழைந்தால், அவருடைய மேசைக்கு எதிரே மிஸஸ் டோஹர்டியே உட்கார்ந்திருந்தார். மடியில் சாம்பல் நிறக் கம்பளி நூல் உருண்டை, கழுத்தில் அளவு நாடா.

"எங்கள் எல்லாருக்கும் கையுறை பின்னி முடித்தாயிற்று. மிச்சம் உனக்குத்தான்" என்றார். "அங்கே குளிர் எப்படிக் கடிக்கும் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? கையைக் காட்டு."

மனேஜர் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து பார்த்துச் சிரித்தார்.

சச்சிதானந்தன் வலது கையை மேசைமேல் வைத்து, ஐந்து விரலையும் விரித்தார்.