கையில் இருந்த வாய்ப்பூட்டு

லைட்ஹவுஸ் குப்பத்து பிரதாப்புக்கு ஏரியில் இறால் பிடிப்பது தொழில். தொழில் இல்லாத நாளில் செல்போனில் கார்டு ஆட்டம். தொழில் இல்லாத நாட்களே அதிகம். அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, ஒழுங்கு. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. ஆகவே ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவனுடைய பாடு நடக்கும்போது இன்னொருவன் அந்தத் தண்ணீரில் துடுப்பைக்கூட நனைக்கக் கூடாது. உரியவன் வராவிட்டால் இடம் காலியாகக் கிடக்கும். அன்றைக்கு இறாலுக்கு விடுமுறை.

இந்த ஒழுங்கில் ஊறியவன், குறுக்கே புகுவதையே கலையாக வைத்திருக்கும் ஓர் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டே போனதுதான் வேடிக்கை.

ஆட்டம் இதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு திறன் உண்டு. சில கார்டுகளின் மேல் கவுண்டர்கள் உட்கார்ந்திருக்கும். மூலையில் மினுங்கும் சிறு வட்டங்கள். கவுண்டர் தானாக எதுவும் செய்யாது; அதற்கு அர்த்தம் கொடுப்பது திறன். கரிக்கப்பல் என்றொரு கார்டு. மூன்று கவுண்டரோடு களத்தில் இறங்கும். இறக்கியவனின் முறை தொடங்கும்போதெல்லாம் ஒன்று உதிரும். கடைசி வட்டம் உதிர்ந்ததும் எதிராளியின் களம் மொத்தமும் சாம்பல். இதற்கு மாற்று, வாய்ப்பூட்டு என்ற கார்டு. அது கப்பலின் திறனை அந்த ஒரு முறை முடியும்வரை பறித்துவிடும், கவுண்டரைத் தொடாது. வட்டம் மினுங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் உதிராது.

பிரதாப் இதை மனைவி பூவிழிக்கு விளக்கியபோது அவள் கேட்டாள்: "வேலைய உட்டுத் தூக்கின அப்பாலயும் எங்க நைனா கழுத்துல கம்பெனி அட்டைய மாட்டிக்கினு சுத்துச்சே, அந்த மாதிரியா?"

"அதேதான்."

வாய்ப்பூட்டில் ஒரு சிக்கல் உண்டு. தன் முறையில் போட்டால் தன் முறையோடு அது காலாவதி. எதிராளியின் முறை தொடங்கும் கணத்தில், 'பதில் உண்டா?' என்று ஒரு பொத்தான் மினுங்கும்போது போட வேண்டும். பிரதாப் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. செய்வதையெல்லாம் தன் முறையிலேயே செய்து முடிப்பான். எதிராளிகள் அதை ஆழமான தந்திரம் என்று நம்பி, இல்லாத பொறிக்குப் பயந்து தோற்றார்கள். பின்னே வாய்ப்பூட்டை எதற்குக் கார்டுக் கட்டில் வைத்திருந்தான்? எல்லோரும் வைத்திருந்தார்கள், அவனும் வைத்திருந்தான்.

இப்படியே மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டான். ஜெயித்தால் சென்னை அணி ஒன்றில் மாதச் சம்பளத்தோடு இடம். அந்த இடத்துக்காக ஒரு வருஷம் கண் எரிய ஆடியிருந்தான். பூவிழி சென்னையில் வீட்டு வாடகைகூட விசாரித்தாயிற்று.

இறுதி ஆட்டம் அவனுடைய பாடு நாளில் வந்து விழுந்தது.

"எங்கண்ணன அனுப்பு. சும்மாத்தான் குந்திக்கினு கீது" என்றாள் பூவிழி.

"பாடு எனுக்கா, மச்சானுக்கா? காலியா கெடக்கட்டும்."

எதிராளி ஆரம்பாக்கத்து சிவசங்கர், நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. வாய்க்கால் தண்ணீருக்கு அவர்களும் முறை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வயல்காரன் எப்போது மடையைத் திறப்பான் என்று காவலும் வைத்திருக்கிறார்கள்.

சிவசங்கர் கரிக்கப்பலை இறக்கினான். ஒரு வட்டம் உதிர்ந்தது. இன்னொன்று உதிர்ந்தது. பிரதாப் தன் முறையில் களத்தை நிரப்பினான். அடுத்த முறை வந்தால் வெற்றி அவனுக்கு. கையில் வாய்ப்பூட்டு இருந்தது. கப்பலை ஒரே ஒரு முறை நிறுத்தினால் போதும்.

சிவசங்கரின் முறை தொடங்கியது. பொத்தான் மினுங்கியது.

"அமுக்குயா!" என்று தோளுக்குப் பின்னாலிருந்து பூவிழி கத்தினாள். பிரதாப்பின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. பொத்தான் அணைந்தது. கடைசி வட்டம் உதிர்ந்தது.

"கைல வெச்சிக்கினு இன்னாத்துக்குயா பாத்துக்கினு இருந்த?"

"அவன் பாடு ஓடிக்கினு இருக்குது. நடுவுல பூந்து எப்புடி கை வெக்கிறது?"

"அது போனுயா! ஏரியில்ல!"

பிரதாப் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனான். அங்கே அவன் மச்சான் தனசேகர் படகிலிருந்து இறால் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். பிரதாப்பின் இடத்தில், பிரதாப்பின் பாடு நாளில் பிடித்த இறால்.

"இன்னா மச்சான் இது?"

"சும்மா கெடந்த எடம்தானே மாப்ள. நீ போன்ல பிஸியா இருந்த. ஜெயிச்சியா?"

ஊர் கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு தனசேகருக்கு அபராதம் போட்டார். இறால் விற்ற காசிலிருந்து அவன் அங்கேயே கட்டினான். மீதியை மடியில் முடிந்துகொண்டான். நாட்டார் பிரதாப் பக்கம் திரும்பினார்.

"கூடி வெச்ச பாட்ட ஒரு வெளையாட்டுக்காவ உட்டுட்ட. அடுத்த சீசன் உனுக்குப் பாடு கெடையாது."

"நான் ஒண்ணும் பண்ணலியே நாட்டாரே."

"அதத்தான்டா நானும் சொல்றேன்."

குலுக்கல் பட்டியலில் பெயரை மட்டும் அடிக்கவில்லை. ஊர் வரி கட்ட வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும், குலுக்கலின்போது வரிசையில் நிற்க வேண்டும். பெயர் வரும்போது அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த நாள் யாருக்கும் சேராது.

"எங்க நைனா அட்டைய தேடி எடுத்தாரட்டுமா? நீயும் மாட்டிக்கோ" என்றாள் பூவிழி.

அடுத்த சீசனில், பெயர் இருந்தும் பாடு இல்லாமல் போன அந்த நாளில், பிரதாப்பும் பூவிழியும் கரையில் நின்றிருந்தார்கள். தனசேகரின் படகு நேராக அந்தக் காலி இடத்துக்குப் போனது. வலை இறங்கியது. கட்டப்போகும் அபராதம் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியும். இறால் அதைவிட அதிகம் என்பதும் தெரியும்.

"கத்தேன்யா! உன் எடம்யா அது!"

பிரதாப் வாயைத் திறந்தான். பூவிழி பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கி எனுக்குப் பாடு இல்லியே. நான் எப்புடி கேக்கிறது?"

தூரத்தில் தனசேகர் மாப்பிள்ளையைப் பார்த்துக் கையாட்டினான். பிரதாப்பும் ஆட்டினான்.